முதலை விதிகள் கேள்வி-பதில்: மீன் தலையை எங்கே போட்டீர்கள்?

முதலைகள் பற்றிய வரைவு விதிகளுக்கு மக்களிடம் கருத்து கேட்கத் தொடங்கியதிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் வரைவைப் படிக்காமலேயே கோபப்பட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுக் கோபப்பட்டவர்களுக்கே இந்த முறை முதலிடம்.

கே: கருத்து அனுப்பினால் யாராவது படிப்பார்களா? என்ன எழுதுவது?

ப: "ஆதரிக்கிறேன்", "எதிர்க்கிறேன்" என்று ஒரே வரியில் முடித்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். வரைவின் எந்தப் பிரிவு, எந்தப் படகுத்துறை, எந்த நேரம், நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன, எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். அப்படி வரும் கடிதத்தை ஒதுக்குவது அதிகாரிக்கும் கஷ்டம்.

கே: முதலைகள்தான் பெருகிவிட்டனவே, இனி எதற்குப் பாதுகாப்பு?

ப: பாதுகாத்ததால் பெருகின. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் 1971-ல் வேட்டையைத் தடை செய்தபோது உப்புநீர் முதலைகள் 3,000 அளவுக்குக் குறைந்திருந்தன. இப்போது சுமார் ஒரு லட்சம். தோலுக்காகச் சுட்டே அந்த நிலைக்குக் கொண்டுவந்தோம் என்பதை மறக்க வேண்டாம். மனிதர்களைத் தேடி வரும் முதலையை அகற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைப் பிடித்துவிட்டால் ஆறு காலி என்று நினைத்துக் குளிக்க இறங்காதீர்கள்.

கே: கொல்லவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம். தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடலாமே?

ப: நல்ல மனசு. ஆனால் முதலைக்கு வீட்டுக்கு வழி தெரியும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கு முனையில் உள்ள கேப் யார்க் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பிடித்த ஓர் ஆண் முதலையைச் செயற்கைக்கோள் கருவி கட்டி, ஹெலிகாப்டரில் தூக்கிப்போய்க் கிழக்குக் கரையில் விட்டார்கள். சில மாதங்கள் சும்மா இருந்தது. அப்புறம் கிளம்பி, தீபகற்பத்தையே கடல் வழியாகச் சுற்றிக்கொண்டு, 20 நாளில் 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தன் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஹெலிகாப்டர் செலவுதான் மிச்சம்.

கே: முட்டைகளை அழித்துவிட்டால் பிரச்சினை தீருமே?

ப: கூட்டுக்குப் பக்கத்தில் தாய் இருக்கும். 80, 90 நாள் காவல் காக்கும். யாரை அனுப்பப் போகிறீர்கள்? நூறு முட்டையில் ஒன்று முழு முதலையாக வளர்ந்தாலே அதிகம்.

கே: படகுத்துறையில் மீன் கழிவு கொட்டினால் அபராதம் என்கிறது வரைவு. நாங்கள் காலங்காலமாக அங்கேதான் மீன் சுத்தம் செய்கிறோம். முதலைக்கு உணவளிப்பதும் இதுவும் ஒன்றா?

ப: ஒன்றுதான். இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன்.

ஒரு துறையில் நானே பார்த்தது. சாயங்காலம், வெளிச்சம் இறங்குகிற நேரம். ஒருவர் படிக்கட்டின் கடைசிப் படியில் குந்தி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தார். தலையும் குடலும் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போயின. பத்து மீட்டர் தள்ளி டார்ச் அடித்தேன். இரண்டு சிவப்புப் புள்ளிகள் மின்னின. அவரிடம் காட்டியதற்கு, "அது தினமும் வரும் சார், ஒன்றும் செய்யாது" என்றார். தினமும் வருவதுதானே பிரச்சினை! முதலையின் தாடையோரம் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். தண்ணீரில் சின்ன அசைவு வந்தாலும் அவை பிடித்துவிடும். "தொப்" என்ற சத்தத்துக்குப் பின்னால் தீனி உண்டு என்று அதற்கு நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். மறுநாள் அதே படியில் ஒரு குழந்தை கால் நனைத்தாலும் அதே அசைவுதான்.

வரைவின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. "வேண்டுமென்றே உணவளித்தல்" என்று எழுதியிருக்கிறார்கள். "நான் முதலைக்குப் போடவில்லை, ஆற்றில் போட்டேன்" என்று யாரும் தப்பித்துவிடலாம். அந்த "வேண்டுமென்றே" போக வேண்டும். அதோடு, துறையில் மூடி போட்ட குப்பைத்தொட்டி இல்லை, குழாய் இல்லை, தண்ணீரிலிருந்து தள்ளி ஒரு மேடை இல்லை. அபராதச் சீட்டு மட்டும் இருக்கிறது. மீன்காரர் கழிவை மடியில் கட்டிக்கொண்டா போவார்? மேடையும் தொட்டியும் கேட்டு எழுதுங்கள். பத்துப் பேர் ஒரே துறையைக் குறிப்பிட்டு எழுதினால் அசைவார்கள். அதுவரை கழிவை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நேற்று நின்ற படியில் இன்று நிற்காதீர்கள்.

கே: முதலை துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டுமாமே?

ப: நேராக, வேகமாக ஓடுங்கள். கரையில் அது உங்களைத் துரத்தி வரும் கதை அபூர்வம். தண்ணீரிலிருந்து எழும் அந்த முதல் பாய்ச்சலில்தான் ஆபத்து. அதற்குத்தான் கரையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

கே: எங்கள் பக்கம் எச்சரிக்கைப் பலகை இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம், தலையே தெரியவில்லை. இறங்கலாமா?

ப: உப்புநீர் முதலையால் ஒரு மணி நேரமும் தண்ணீருக்கடியில் கிடக்க முடியும். பலகை இல்லாதது முதலைக்குத் தெரியாது. இறங்காதீர்கள்.

கே: ஆற்றோரம் கூடாரம் போடத் தூரம் எவ்வளவு?

ப: வட ஆஸ்திரேலியாவில் 50 மீட்டர் என்கிறார்கள். எங்கும் அதையே பின்பற்றலாம். அங்கேயும் மீன் கழிவு, எச்சில் சோறு எதுவும் வெளியே கிடக்கக் கூடாது. தண்ணீர் மொள்ள ஒவ்வொரு நாளும் வேறு வேறு இடத்துக்குப் போங்கள். நேற்று நின்ற இடத்தில் இன்று நிற்காதீர்கள். மீன் கழிவுக் கேள்விக்கும் இதைத்தான் சொன்னேன்.

கே: படம் இணைத்திருக்கிறேன். இது எந்த வகை முதலை? இதையும் கருத்துக் கடிதத்தோடு ஆதாரமாக அனுப்பலாமா?

ப: அது மரக்கட்டை. அனுப்ப வேண்டாம். ஆனால் படத்தின் கீழ் ஓரத்தில் உங்கள் செருப்பு நனைந்திருப்பது தெரிகிறது. முதலை என்று நினைத்துக்கொண்டா அவ்வளவு பக்கத்தில் போனீர்கள்?