வாசகர் கேள்வி – பதில்: மேன்லி படகுத்துறை

கேள்வி: துறைமுகப் பாலம் வந்ததும் சிட்னி வடகரைப் படகுகள் பல நொடித்துப்போயின. மேன்லி படகும் துறையும் மட்டும் எப்படிப் பிழைத்தன? (பெண்டில் ஹில் வாசகி)

பதில்: 1932 மார்ச் 19-இல் திறந்த பாலம், மில்சன்ஸ் பாயிண்ட் போன்ற குறுகிய தடங்களின் பயணிகளை அப்படியே அள்ளிக்கொண்டது. மேன்லியோ நகர மையத்துப் படகுத்துறையான சர்குலர் கீயிலிருந்து 11 கிலோமீட்டர். சாலையில் போனால் ஸ்பிட் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும், ரயிலும் போடப்படவில்லை. படகு அரை மணியில் சேர்த்துவிடும். அந்தத் துணிவில்தான் பாலம் வந்த பிறகும், 1938-இல், ஸ்காட்லாந்தின் லீத்தில் கட்டிய சவுத் ஸ்டெய்ன் நீராவிப் படகை இறக்கினார்கள்.

இந்த ஊரே துறையிலிருந்து வளர்ந்தது. 1855-இல் ஹென்றி கில்பர்ட் ஸ்மித் இங்கே துறை கட்டினார். அங்கிருந்து மறுபக்கத்துப் பெருங்கடல் கரைக்கு அவர் போட்ட தெருதான் கோர்சோ. இன்று நாம் பார்க்கும் வளைந்த முகப்பு, 1940-களின் தொடக்கத்தில் ஆர்தர் பால்ட்வின்சன் வடிவமைத்தது. நின்று பார்க்க வேண்டிய கட்டிடம். பலரும் கடைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் படகுத்துறையின் மரக்கால்கள் இத்தனை காலம் எப்படி நிற்கின்றன? எங்கே முதலில் கெடும்? (ரைட் வாசகர்)

பதில்: சிட்னித் துறைகளுக்கு வழக்கமாகப் போட்டது டர்பன்டைன் மரம். அதன் கட்டையில் சிலிக்கா அதிகம். கடலில் மரத்தைக் குடையும் கப்பல் புழுவால் எளிதில் துளைக்க முடியாது. பட்டையும் ஒரு காவல் என்பதால் உரிக்காமலே கடலில் இறக்குவார்கள்.

கேடு மூன்று இடத்தில் வரும். தலைப்பக்கத்தில் மழைநீர் நுழைந்து, போல்ட் துளைகளைச் சுற்றி உளுக்கும். அலையேற்ற மட்டத்தில் கிரிபிள் என்ற, இறால் வகையைச் சேர்ந்த சிற்றுயிர் வெளியிலிருந்து அரித்து, காலை உடுக்கைபோல இடுப்புச் சிறுக்க வைக்கும். அதற்குக் கீழே, சேற்று மட்டம் வரை, கப்பல் புழு. இதுதான் மோசம்: நுழையும் துளை ஊசித்தலை அளவே இருக்கும், உள்ளே குடைந்து வளரும். வெளியே மரம் முழுசாகவே தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் சத்தம் கேட்டால் துளைபோட்டு உள்மரத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அரிப்பு மேலோட்டமாக இருந்தால், சிப்பிகளைச் சுரண்டிவிட்டு பிவிசி உறையால் இறுகச் சுற்றுவார்கள். உள்ளே தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்து அரிக்கும் உயிர்கள் செத்துவிடும். உறை சேற்றுக்குக் கீழே தொடங்கி, உயர்ந்த அலையேற்றத்துக்கு மேலே முடிய வேண்டும். அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டாலும் புதுநீர் புகுந்துவிடும், செலவு வீண். உள்ளே பொள்ளலான காலுக்கு உறை போதாது: கம்பி வைத்த கான்கிரீட் கூடு கட்டலாம், அல்லது கெட்ட பகுதியை அறுத்துப் புதுக்கட்டை இணைக்கலாம். இணைக்கும்போது துத்தநாகம் பூசிய போல்ட்டையும் செம்பையும் ஒட்ட வைக்காதீர்கள். கடல்நீரில் போல்ட் சீக்கிரம் கரைந்துபோகும்.

கேள்வி: துறை மரபுக் கட்டிடப் பட்டியலில் இருந்தால் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதா? (ஹோம்புஷ் வாசகர்)

பதில்: அடிக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் மரபுச் சட்டம் 1977-இன்படி வழக்கமான பராமரிப்புக்கு விலக்கு உண்டு. தோற்றத்தையோ அமைப்பையோ மாற்றும் வேலைக்குத்தான் 60-ஆம் பிரிவின் கீழ் முன் அனுமதி வாங்க வேண்டும். வேலையைத் தொடங்கிவிட்டு விண்ணப்பிப்பது குற்றத்தில் கொண்டுபோய் விடும்.