தெருவுக்குள் பறக்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: எங்கள் தெரு குண்டும் குழியுமாக இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. புது தார் ரோடு போட்டதிலிருந்து, மெயின் ரோடு சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லாம் உள்ளே புகுந்து பறக்கிறார்கள். காலையில் கோலம் போடவே பயமாக இருக்கிறது. வீட்டுக்கு இருநூறு ரூபாய் வசூலித்து, கொத்தனாரை வைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஸ்பீடு பிரேக்கர் கட்டிவிடலாம் என்கிறார் எங்கள் நலச்சங்கச் செயலாளர். கட்டலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கட்டாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, செயலாளரின் யோசனைதான் ஆபத்தானது. கொத்தனார் கட்டப்போவது வேகத்தடையாக இருக்காது, அரையடி உயரத்தில் ஒரு குட்டிச் சுவராக இருக்கும். சாலை அமைப்புக்கு விதிமுறை வகுக்கும் இந்திய சாலைப் பேரவையின் கணக்கு வேறு: உயரம் 10 சென்டிமீட்டர், ஆனால் வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர், அதாவது பன்னிரண்டு அடி. ஏறுவதும் இறங்குவதும் தெரியாத அளவுக்கு வழவழப்பான வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிறவருக்கு ஒரு லேசான அசைவுதான், 50-ல் வருகிறவருக்குத் தூக்கிப் போடும். நம் ஊர் குட்டிச் சுவரோ ஒழுங்காக 15-ல் வருகிறவரையும் சேர்த்துத் தண்டிக்கிறது. ஸ்கூட்டரில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வரும் பெண், முதுகுவலிக்காரர், பிரசவ வலியோடு ஆட்டோவில் போகிறவர், இவர்கள்தான் அடிபடுவார்கள். பைக் பையன்களோ சாக்கடை ஓரமாக இருக்கும் அரையடி இடைவெளியில் வளைந்து போய்விடுவார்கள், அதை யாராலும் தடுக்க முடியாது! வர்ணம் பூசாத அந்த மேட்டில் இருட்டில் யாராவது விழுந்து வழக்கு என்று வந்தால், ‘யார் கட்டியது’ என்ற கேள்விக்கு உங்கள் வசூல் நோட்டே சாட்சி.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அளந்து பாருங்கள். ‘ரொம்ப வேகமாகப் போகிறார்கள்’ என்று எழுதினால் எந்த அதிகாரியும் அசைய மாட்டார். தெருவில் 30 மீட்டர் தூரத்தை டேப் வைத்து அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். திண்ணையிலோ மாடியிலோ உட்கார்ந்து செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பாருங்கள். அந்த 30 மீட்டரை ஒரு வண்டி 3.6 விநாடியில் கடந்தால் அதன் வேகம் சரியாக 30. இரண்டு விநாடிக்குள் கடந்தால் 50-ஐத் தாண்டிவிட்டது. கையால் அமுக்குவதில் கொஞ்சம் முன்பின் ஆகும், பரவாயில்லை. காலை எட்டிலிருந்து ஒன்பது, மாலை ஐந்திலிருந்து ஆறு, மூன்று நாள் எழுதி வைத்தால் ஒரு பக்க அட்டவணை வந்துவிடும். அதோடு உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்கும், போக்குவரத்து இன்ஸ்பெக்டருக்கும் மனு கொடுங்கள், கவுன்சிலருக்கும் ஒரு நகல். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் அந்த எண்ணோடு எழுந்து நிற்கலாம்.

மனுவில் ஒரே ஒரு வேகத்தடை கேட்காதீர்கள். ஒன்றே ஒன்று இருந்தால் அதன்முன் பிரேக் போட்டுவிட்டு, தாண்டியதும் விட்டதைப் பிடிக்க இன்னும் முறுக்குவார்கள், அந்த வீட்டுக்காரருக்குச் சத்தம்தான் மிச்சம். நீளமான தெருவென்றால் 100 முதல் 120 மீட்டருக்கு ஒன்றாக வேண்டும், கறுப்பு வெள்ளைப் பட்டை வேண்டும், முதல் தடைக்கு 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை வேண்டும். இவை எல்லாம் விதிமுறையிலேயே இருப்பவைதான், சலுகை கேட்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ‘தெருவுக்குள் 50-ல் போவதெல்லாம் ஒரு வேகமா’ என்கிறார் என் கணவர். வேகமா, இல்லையா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பைபாஸில் அது வேகமில்லை, உங்கள் வாசலில் வேகம்தான். குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். 30-ல் வருகிறவர் அந்த விநாடியில் 8 மீட்டர் வந்திருப்பார், பிரேக் பிடித்து இன்னொரு 5 மீட்டரில் நின்றுவிடுவார். 50-ல் வருகிறவர் அதே விநாடியில் 14 மீட்டர் வந்திருப்பார். அதாவது, முதல் வண்டி நின்றே போன இடத்தை இவர் இன்னும் பிரேக்கே பிடிக்காமல் முழு வேகத்தில் கடக்கிறார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 30-க்கும் 50-க்கும் இடையே அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிக்கும் 30 என்று வரம்பு வைத்தது இதற்காகத்தான். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள், நான் சொன்னதாகவே இருக்கட்டும்.

கேள்வி: தெருமுனையில் டிரம், பாறாங்கல் வைத்து வழியைக் குறுக்கிவிட்டால்?
- வாசகர், மதுரை

பதில்: குறுக்குவது நல்ல யோசனை, டிரம்மும் பாறாங்கல்லும் மோசமான யோசனை. இரவில் கண்ணுக்குத் தெரியாது, ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழையாது. அகலமாக, நேராக, காலியாக இருக்கும் தெருவே ‘முறுக்கு’ என்று ஓட்டுநரிடம் சொல்கிறது, பக்கத்தில் எந்தப் பலகை நின்றாலும் சரி. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் 1960-களின் கடைசியில் இதைப் புரிந்துகொண்டு, குடியிருப்புத் தெருக்களில் மரத்தொட்டி, பெஞ்ச், வளைவு என்று வைத்து வண்டியை நடை வேகத்துக்கு இறக்கினார்கள். 1976-ல் அந்த நாட்டில் அது சட்டமாகவே வந்தது. உங்கள் தெருவில் திருப்பத்தின் மூலையைக் கொஞ்சம் கூர்மையாக்கி நடைபாதையை நீட்டச் சொல்லிக் கேளுங்கள். வண்டி அகலமாக வீசித் திரும்ப முடியாது, பாதி வேகம் அங்கேயே போய்விடும்.

கேள்வி: பறப்பது வெளியாள் இல்லை, பக்கத்து வீட்டுப் பையன்தான். பிளஸ் ஒன் படிக்கிறான். போலீசுக்குப் போனால் உறவு கெடும்.
- வாசகர், திருச்சி

பதில்: பையனிடம் பேசாதீர்கள், அப்பாவிடம் பேசுங்கள். 18 வயது ஆகாதவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குற்றவாளி பெற்றோரும்தான்: 25 ஆயிரம் ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸும் கிடையாது. பெரும்பாலான அப்பாக்களுக்கு இது தெரியாது, தெரிந்தால் சாவி பீரோவுக்குள் போய்விடும். போகும்போது மிரட்டுகிற முகத்தோடு போகாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்தில் போங்கள்.