பாயிண்டின் சுமையை டிரான்சிஸ்டருக்கு மாற்றுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், பாயிண்டும் (காயிலின் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) கண்டென்சரும் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் ஓடுகிறது. பாயிண்ட் அடிக்கடி கருகுவதால், எலெக்ட்ரானிக் இக்னிஷன் ஒன்றை நானே வடிவமைத்துப் பொருத்த விரும்புகிறேன். சாலிடரிங் பழக்கம் உண்டு. எதில் கவனம் வேண்டும்? தீப்பொறியும் வலுப்படுமா?

பதில்: சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் இடம்பெற்ற முறையின் வழிவந்ததே உங்கள் காரில் உள்ள அமைப்பு. பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலின் பிரைமரியில் (முதன்மைக் கம்பிச்சுருளில்) ஏறத்தாழ 4 ஆம்பியர் வரை மின்னோட்டம் ஏறுகிறது. திறந்தவுடன் காந்தப்புலம் சரிந்து, பிரைமரியில் 300 முதல் 400 வோல்ட்டும், செகண்டரியில் (இரண்டாம் கம்பிச்சுருளில்) பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதுமான பல்லாயிரம் வோல்ட்டும் எழுகின்றன. இந்தச் சுமை முழுவதும் பாயிண்டின் சிறிய முனைகள் மீதே விழுவதால்தான் அவை கருகுகின்றன.

ஆகவே பாயிண்டைக் கழற்றாமல், அதைச் சைகை தரும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காயில் மின்னோட்டத்தை ஐஜிபிடி (உயர் மின்னழுத்தத்தைத் தாங்கும் ஸ்விட்ச்) வகை டிரான்சிஸ்டரிடம் ஒப்படைப்பதே முதல் முயற்சிக்கு ஏற்றது. தொழிற்சாலைக் கருவிகளுக்கான ஐஜிபிடியைத் தவிர்த்து, கார் இக்னிஷனுக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 8 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதன் கேட் (கட்டுப்பாட்டு முனை) முழுமையாகத் திறக்கும். 400 வோல்ட் அளவில் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் கிளாம்ப்பும் (மின்னழுத்த வரம்பும்) உள்ளேயே இருக்கும். 12 வோல்ட்டிலிருந்து 47 ஓம், 10 வாட் மின்தடை வழியாகப் பாயிண்டுக்கு இணைப்புக் கொடுத்தால் கால் ஆம்பியர் பாயும். முனைகளில் எண்ணெய்ப் படலம் சேராமலிருக்க அவ்வளவு வேண்டும். கருக வைக்க அது போதாது. பாயிண்ட் திறக்கும்போது ஒரு சிறிய என்பிஎன் டிரான்சிஸ்டர் கேட்டைத் தரைக்கு (பேட்டரியின் எதிர்முனை இணைப்புக்கு) இழுத்து ஐஜிபிடியை அணைக்க வேண்டும். இப்படி அமைத்தால், பாயிண்ட் கம்பி அறுந்தாலும் காயில் அணைந்தே இருக்கும்.

தீப்பொறியின் வலுவைப் பொறுத்தவரை பலரும் மிகையாக எதிர்பார்க்கிறார்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு நொடிக்கு 200 தீப்பொறிகள் வேண்டும். அதாவது ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி நொடி. அதில் பாயிண்ட் மூடியிருப்பது ஏறத்தாழ 3 மில்லி நொடிதான். 3 ஓம் மின்தடையும் 8 மில்லிஹென்றி தூண்டலும் உள்ள காயிலில் அதற்குள் மின்னோட்டம் 2.7 ஆம்பியரை எட்டுவதே அதிகம். சேரும் ஆற்றல் முழு அளவில் பாதியைக்கூடத் தொடாது. டிரான்சிஸ்டர் வைத்ததால் இந்தக் கணக்கு மாறிவிடாது. மின்தடை குறைந்த காயிலும், மின்னோட்டத்துக்கு வரம்பிடும் சுற்றும் சேர்ந்தால்தான் உயர்வேகத்தில் தீப்பொறி வலுப்படும். அது இரண்டாம் கட்ட வேலையாக இருக்கட்டும்.

எஞ்சின் நின்றிருக்கையில் சாவி திருகியபடியே இருந்து, பாயிண்டும் மூடியிருந்தால், காயில் கிட்டத்தட்ட 48 வாட் சூட்டில் வேகும். ஐஜிபிடிக்கும் ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) தேவைப்படும். பாயிண்ட் ஓரிரு நொடி அசையாவிட்டால் மின்னோட்டத்தை நிறுத்தும் டைமரைச் சேர்ப்பது நல்லது. ஆனால் அது திடீரென்று நிறுத்தினால், அந்த நொடியிலேயே ஏதோ ஒரு சிலிண்டரில் தீப்பொறி எழுந்துவிடும். மின்னோட்டம் மெல்லக் குறையும்படி அமைப்பது இதனால்தான்.

மேசையில் சோதிக்கும்போது பிளக்கின் உடல் தரையோடு உறுதியாக இணைந்திருக்கட்டும். உயர் அழுத்தக் கம்பியைத் திறந்துவைத்தால், வெளியேற வழியில்லாத அழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும். பிரைமரி முனையிலும் 400 வோல்ட் இருப்பதை மறக்க வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அருகில் வரவே கூடாது.

கேள்வி: இதைப் பொருத்திய பிறகு டைமிங்கை (தீப்பொறி எழும் தருணத்தை) பார்க்கத் தேவையில்லைதானே?

பதில்: தேவை உண்டு. முனைகள் கருகுவது நின்றாலும், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேம் (பாயிண்டைத் தள்ளித் திறக்கும் மேடு) மீது உரசும் பாயிண்டின் குதிகால் தேய்ந்துகொண்டே இருக்கும். அது தேயத் தேய இடைவெளி குறைந்து, பாயிண்ட் தாமதமாகத் திறப்பதால் டைமிங் பின்தங்கும். கேமில் சிறிதளவு கிரீஸ் இட்டு, டைமிங் லைட் கொண்டு அவ்வப்போது சரிபாருங்கள். பாயிண்டை அகற்றிவிட்டு காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சாரை வைத்தால் இந்தத் தேய்மானமும் இராது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) ஆடினால் சென்சாரின் சைகையும் சேர்ந்தே ஆடும் என்பதால், முதலில் புஷ்ஷை மாற்றிவிட்டு அந்த வேலையில் இறங்குங்கள்.