கரப்பான் உள்ள பிள்ளைக்கு முட்டையும் கச்சானும் எப்போது?

கேள்வி: மகளுக்கு ஐந்தரை மாதம், தாய்ப்பால் மட்டும்தான். கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் வந்து வந்து போகிறது. தகப்பனுக்குச் சின்ன வயதில் வீசிங். முட்டை, மீன், கச்சான் (நிலக்கடலை) மூன்றையும் ஒரு வயது வரை காட்டவே கூடாது என்கிறார் மாமி. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆட்டுப்பால்மாவோ சோயாவோ கொடுத்தால் அலர்ஜி வராதாமே? – வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

பதில்: மாமியைக் குறை சொல்ல வேண்டாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியே, அலர்ஜி வரக்கூடிய பிள்ளைகளுக்கு முட்டையை 2 வயது வரையும் கச்சானையும் மீனையும் 3 வயது வரையும் தள்ளிப்போடச் சொன்னது. தள்ளிப்போட்டதால் பலன் தெரியவில்லை. 2008இல் அதைக் கைவிட்டார்கள். 2015இல் லண்டனில் இருந்து வந்த லீப் ஆய்வு கதையைத் தலைகீழாக்கியது. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். 4 முதல் 11 மாதத்துக்குள் கச்சான் சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு, 5 வயதில் கச்சான் அலர்ஜி சுமார் 80 வீதம் குறைவாக இருந்தது.

விஷயம் தோலில் இருக்கிறது. வெடித்த தோல் வழியே உள்ளே போகும் உணவுப் புரதத்தை உடல் எதிரியாகப் பதிந்துகொள்கிறது. அதே புரதம் வாய்வழி குடலுக்குப் போனால் சாப்பாடு என்று பழகிக்கொள்கிறது. வீட்டில் எல்லோரும் கச்சான் கொறித்த கையோடு பிள்ளையைத் தூக்க, அவள் வாயில் மட்டும் அது படாமல் இருப்பதுதான் ஆக மோசமான ஏற்பாடு. ஆகவே முதலில் கரப்பானை அடக்குங்கள். டொக்டர் தந்த கிரீமைச் சொன்ன நாள் வரை பூசுங்கள். வாசனையில்லாத, தடிப்பான மொயிஸ்சரைசரை நாளுக்கு இரண்டு தரம், குளிப்பாட்டித் துடைத்த கையோடு தடவுங்கள். வெடித்த இடத்தில் நல்லெண்ணெயும் பாதாம் எண்ணெயும் வேண்டாம். எள்ளும் பாதாமும் அலர்ஜி தரக்கூடிய உணவுகள்தான்.

6 மாதம் முடிந்து, சோறும் பருப்பும் மசித்துக் கொடுத்துச் சில நாளில் முட்டையைத் தொடங்கலாம். காய்ச்சல், சளி இல்லாத ஒரு நாள் காலையில் கொடுங்கள், அடுத்த 2 மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும். 12 நிமிடம் அவித்த முட்டையில் கால் தேக்கரண்டி, தாய்ப்பாலில் குழைத்து. அடுத்தடுத்த தரம் கூட்டிக்கொண்டே போங்கள். மஞ்சள் கருவை மட்டும் ஊட்டிவிட்டு "முட்டை கொடுத்தாச்சு" என்பது நம் வீடுகளில் வழக்கமான தவறு. அலர்ஜி தரும் புரதங்களில் பெரும்பாலானவை வெள்ளைக்கருவில் இருக்கின்றன. அரைவேக்காடு கூடாது.

கச்சானுக்கு, கட்டியில்லாத பீனட் பட்டர் 2 தேக்கரண்டியை, கொதித்தாறிய சுடுநீர் 2–3 தேக்கரண்டி விட்டுக் கரைத்து ஆறவிடுங்கள். முதலில் கரண்டி நுனியில் ஒரு துளி. 10 நிமிடம் ஒன்றும் இல்லையென்றால் மீதியை மெதுவாக. வீட்டில் அரைப்பதானால் சுருங்கிய, பூஞ்சணம் பிடித்த பருப்புகளைப் பொறுக்கி எறியுங்கள். காலிமுகத்திடல் உப்புக் கச்சான் இதற்கு ஆகாது. முழுக் கச்சான் 5 வயது வரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். ஒருதரம் கொடுத்து, ஒத்துக்கொண்டது என்று மறந்துவிட்டால் பயனில்லை. லீப் ஆய்வில் வாரத்துக்கு 6 கிராம் கச்சான் புரதம், மூன்று வேளையாகப் பிரித்து, 5 வயது வரை கொடுத்தார்கள். மேலே சொன்ன 2 தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராம் இருக்கும்.

ஒரு நிபந்தனை: கரப்பான் உடம்பெல்லாம் பரவி, தூக்கம் கெட்டு, ஸ்டீரொயிட் கிரீம் அடிக்கடி தேவைப்படுகிறதென்றால், முட்டையும் கச்சானும் தொடங்குமுன் பிள்ளை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவ்வளவுக்குத் தெரியவில்லை.

மீனில் முள்ளும் புதுசும்தான் கவனம். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறி, உடம்பு சிவந்து வாந்தி வரும். அது மீன் அலர்ஜி அல்ல, கெட்ட மீன். தக்காளி, அன்னாசி பட்டு வாயைச் சுற்றிச் சிவப்பதும் பெரும்பாலும் வெறும் எரிச்சல்.

பால்மா விஷயம் சுருக்கமானது. ஆட்டுப்பால் புரதமும் பசுப்பால் புரதமும் ஏறக்குறைய ஒன்றே. பசுப்பால் ஒத்துவராத பிள்ளைக்குப் பெரும்பாலும் அதுவும் ஒத்துவராது. சோயாவும் அலர்ஜியைத் தடுப்பதில்லை, 'எச்ஏ' (அலர்ஜி குறைவு என்று பொருள்) என்று அச்சிட்ட விலை கூடிய டின்களும் அப்படித்தான். பாலைக் கறந்து உடனே ஃபிரிட்ஜின் உட்பக்கம் வையுங்கள், 4 நாள் தாங்கும். போதாவிட்டால் சாதாரண குழந்தைப் பால்மா போதும். நீங்களும் முட்டை, மீனைத் தவிர்த்துப் பத்தியம் இருக்கத் தேவையில்லை.

கொடுத்து 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அந்த உணவை நிறுத்தி டொக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினாலோ, அழுகுரல் கரகரத்தாலோ, பிள்ளை வெளிறித் துவண்டாலோ அலர்ஜி சிரப்பைத் தேடி நேரம் கடத்தாதீர்கள். அங்கே தேவை அட்ரினலின் ஊசி. 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை தோளில் நிமிர்த்திப் பிடிக்காமல் படுக்கவையுங்கள், வாந்தி எடுத்தால் பக்கவாட்டில்.