அடி வாங்கியவள் ஏன் அலைய வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்
(இந்த இதழில்: குடும்ப வன்முறைக்கு ஊரிலிருந்தே உதவி பெறுவது)

கேள்வி: அணைக்கட்டு வட்டத்தில் மலை மேல் இருக்கும் ஊர் எங்களுடையது. எங்கள் மகளிர் குழுப் பெண் ஒருவர் வாரம் தவறாமல் அடி வாங்குகிறார். ஒடுகத்தூர் இறங்கி வேலூர் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும், போனதும் வீட்டுக்குத் தெரிந்துவிடும். வேலூருக்குப் போய்த்தான் புகார் தர வேண்டுமா?
– ஒரு வாசகி, அணைக்கட்டு வட்டம்

பதில்: முதல் நாளே போக வேண்டியதில்லை. மகளிர் உதவி எண் 181-க்குப் போன் செய்தால் போதும். கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். அடி வாங்கியவரே பேச வேண்டும் என்பதும் இல்லை. குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்தது அல்லது நடக்கப்போகிறது என்று நம்புகிற யாரும் அரசின் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. நீங்களோ, அங்கன்வாடிப் பணியாளரோ, கிராம செவிலியரோ சொல்லலாம்.

ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்காமல் சொல்லிவிடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரி வாசலில் வந்து நின்றால், அவர் போன பிறகு அடி கூடும். எந்த எண்ணில், எந்த நேரத்தில் கூப்பிடலாம், யார் வீட்டில் சந்திக்கலாம் என்பதை முதலிலேயே அவரிடம் கேட்டு வையுங்கள். குழுக் கூட்டம் நடக்கும் நாள்தான் நல்ல நாள். அன்று அவர் வெளியே வந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போன் அவருடையதாக இருந்தால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை அழித்துவிடச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு அலுவலர் சமூக நலத் துறையில் மாவட்ட அளவில் இருப்பவர். அவர் எழுதும் வன்முறை நிகழ்வு அறிக்கைதான் (நீதிமன்றத்தில் 'டி.ஐ.ஆர்.' என்பார்கள்) வழக்குக்கு அடித்தளம். அந்தப் படிவத்தில் தேதி, நேரம், இடம், செய்தவர் பெயர் எல்லாம் கேட்கிறார்கள். 'அடிக்கடி அடிப்பார்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவதால்தான் பல வழக்குகள் பலவீனமாகின்றன. முதல் தடவை, மிக மோசமான தடவை, கடைசித் தடவை என்று மூன்றையாவது தனித்தனியே எழுதுங்கள். தேதி நினைவில்லை என்றால் ஊர்த் திருவிழா, பள்ளிக்கூடம் திறந்த வாரம், கூலி வந்த நாள் என்று அடையாளம் சொல்லலாம். நூறு நாள் வேலைக் கூலியைப் பிடுங்கிக்கொள்வது, ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, சாப்பாட்டுச் செலவுக்குத் தராமல் விடுவது ஆகியவையும் சட்டப்படி வன்முறைதான். பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், நீங்கள்தான் கேட்டு எழுத வேண்டும்.

ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் போட்டோ, சீர் நகைப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் குழுத் தலைவி வீட்டில் வைத்துவிடுங்கள். அவசரமாகக் கிளம்ப நேர்ந்தால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள் வரை தங்கலாம். எப்படி வந்து சேர்வது என்பதை 181-லேயே கேளுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் வேறு எதையும் யோசிக்காமல் அவசர உதவி எண் 112.

கேள்வி: தங்கையைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்தோம். அடி தாங்காமல் குழந்தையோடு எங்களிடம் வந்து ஒரு மாதம் ஆகிறது. புகார் தரப் போனால் 'பெங்களூருக்குப் போய்க் கொடு' என்கிறார்கள்.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: போக வேண்டாம். பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம் என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் காவல் நிலையம் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். மனு ஏற்பு ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். 'பேசி முடித்துக்கொண்டோம்' என்று எழுதிய தாளிலோ வெற்றுத் தாளிலோ தங்கை கையெழுத்துப் போடவே கூடாது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும். போனில் கேட்க 15100. மனுவோடு சேர்த்தே இடைக்கால ஆணையும் (வழக்கு முடியும் வரைக்குமான ஆணை) குழந்தையின் பொறுப்பும் கேட்கச் சொல்லுங்கள். முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில் என்பது சட்டம். நடப்பில் இழுப்பதற்குப் பெரிய காரணம், கணவருக்குப் போகும் நோட்டீஸ் முகவரி சரியில்லாமல் திரும்பி வருவது. வீடு, வேலை செய்யும் இடம், அவருடைய பெற்றோர் வீடு என்று மூன்று முகவரியையும் கொடுங்கள்.

கேள்வி: தையல் போடப் போனபோது கணவர் கூடவே இருந்ததால் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: முடியும். மறுபடி தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, முன்பு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்பதையும் பதியச் சொல்லுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். காயத்தைப் போட்டோ எடுக்கும்போது முகமும் ஒரு படத்தில் தெரியட்டும். நம்பிக்கையானவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். அடுத்த முறை துணைக்கு யார் வந்தாலும், 'டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்' என்று நர்ஸிடம் சொன்னால் போதும்.

கேள்வி: கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கிடைத்தும் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டுகிறார். ஜீவனாம்சமும் தரவில்லை.
– ஒரு வாசகி, கே.வி.குப்பம்

பதில்: இரண்டும் வேறு வேறு வழி. பாதுகாப்பு ஆணையை மீறுவது குடும்ப வன்முறைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். பல ஊர்களில் ஆணையின் நகல் உள்ளூர்க் காவல் நிலையத்தில் இருப்பதே இல்லை, அதனால்தான் 'எங்களுக்குத் தெரியாது' என்கிறார்கள். நகலுக்குக் கட்டணம் கிடையாது. நீங்களே ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பணத்துக்கு அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (கொடுத்த ஆணையைச் செயல்படுத்தக் கேட்கும் மனு) போட வேண்டும். அவர் தோல் கம்பெனியிலோ ஷூ கம்பெனியிலோ மாதச் சம்பளத்தில் இருந்தால், அந்தச் சம்பளத்திலிருந்தே நேராக உங்களுக்கு அனுப்பும்படி முதலாளிக்கு உத்தரவிட 20-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. கம்பெனி பெயரையும், கிடைத்தால் சம்பளச் சீட்டின் நகலையும் வக்கீலிடம் கொடுங்கள்.