பாதி டேங்கில் பூஜ்யம் காட்டும் முள்

கேள்வி: ஐயா, என்னிடம் 1999 மாடல் கார்வெட் சி5 இருக்கிறது. டேங்கை நிரப்பிக் கிளம்பினால் பெட்ரோல் முள் கொஞ்ச தூரம் ஒழுங்காக இறங்குகிறது. முக்கால் அளவுக்கு வந்ததும் திடீரென்று அடியில் போய் விழுகிறது, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. சில மணி நேரம் கழித்துத் தானாகவே சரியாகிவிடுகிறது. டேங்கை இறக்கி, உள்ளே பெட்ரோல் அளவைப் பார்க்கும் மிதவை யூனிட்டை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் காரில் இடமும் வலமுமாக இரண்டு டேங்க், இரண்டிலும் தனித்தனி மிதவை. பம்ப் இருப்பது இடது டேங்கில். வண்டி ஓடும்போது வலது டேங்கின் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு இடது பக்கம் வந்துகொண்டே இருக்கும். அதனால் முதலில் காலியாவது வலது டேங்க்தான். முள் மேல் பாதியில் தடுமாறினால் வலது மிதவை மேல் சந்தேகப்படுங்கள், கீழ்ப் பாதியில் தடுமாறினால் இடது. நீங்கள் சொல்வது முக்கால் அளவு, ஆகவே வலது.

இதைக் காரிடமே கேட்டு உறுதி செய்யலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். திரையில் எச்சரிக்கை நின்றால் ரீசெட் பொத்தானால் அழித்துவிட்டு, ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஃப்யூயல் பொத்தானை நான்கு முறை தட்டினால் கோளாறு எண்கள் வரிசையாக ஓடும். பி1431 என்றால் வலது, பி0461 என்றால் இடது.

முள் ஏன் நேராகப் பூஜ்யத்துக்குப் போகிறது? இரண்டு மிதவைகளின் அளவையும் கூட்டித்தான் கம்ப்யூட்டர் முள்ளை நகர்த்துகிறது. ஒன்றிலிருந்து நம்ப முடியாத அளவு வந்தால், இருப்பதாகக் காட்டி உங்களை நடுவழியில் நிறுத்துவதைவிட இல்லை என்று காட்டுவதே மேல் என்று முள்ளை இறக்கிவிடுகிறது. அது நல்ல ஏற்பாடுதான்.

இந்த மாதிரி யூனிட் ஒன்றை நான் மேஜையில் வைத்துச் சோதித்திருக்கிறேன். மிதவைத் தண்டு அசையும்போது மெல்லிய உலோக விரல்கள் ஒரு சிறு தகட்டின் மேல் வழுக்கிப் போகும். தொடுமிடத்தில் வெள்ளி கலந்திருக்கும். பெட்ரோலில் உள்ள கந்தகம் பட்டுப் பட்டு அது பெட்டியில் மறந்துபோன வெள்ளிச் சாமான் போலக் கறுத்திருந்தது. மின்தடையை ஓம் கணக்கில் காட்டும் மல்டிமீட்டரை மாட்டி மிதவையைக் கையால் மெல்லத் தூக்கினேன். 40 ஓம் பக்கத்திலிருந்து எண் சீராக ஏறியது. கறுப்பு அடர்ந்த இடத்தில் எண் மறைந்து மீட்டர் வெறுமையாக நின்றது. ஒரு நூல் அளவு தாண்டியதும் எண் திரும்பி வந்தது. டேங்க் நிறைந்த நிலையில் சுமார் 250 ஓம். உங்கள் முள் விழுவதும் பிறகு எழுவதும் இதனால்தான் இருக்க வேண்டும்.

ஆகவே முதலில் பாலிஈதர் அமைன் என்ற, படிவை நீக்கும் வேதிப்பொருள் உள்ள நல்ல ஃப்யூயல் கிளீனர் ஒரு பாட்டில் வாங்குங்கள். பெட்ரோல் நன்றாகக் குறைந்திருக்கும்போது ஊற்றி, உடனே டேங்கை நிரப்பி, அது தீரும்வரை ஓட்டுங்கள். அடுத்த முறை நிரப்பும்போதும் அப்படியே. பல வண்டிகளில் இதுவே போதுமாக இருக்கும். முள் அப்புறமும் விழுந்தால் வயர் கப்ளரில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் குறையில்லை என்றால் யூனிட்டை மாற்றிவிடலாம், உங்கள் மெக்கானிக் சொன்னது தப்பில்லை. பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. வீட்டு ஷெட்டில் நீங்களே முயல வேண்டாம், தயவுசெய்து.

ஒன்று கவனியுங்கள். முள் பாதி காட்டும்போதே இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் நின்றால் அது முள்ளின் கோளாறு இல்லை. வலது டேங்கிலிருந்து இடது டேங்குக்குப் பெட்ரோல் வரவில்லை என்று அர்த்தம். அதற்குக் கிளீனர் உதவாது.

சரியாகும்வரை, நிரப்பும்போதெல்லாம் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, ஓடிய தூரத்தை வைத்துப் பெட்ரோல் போடுங்கள்.

கேள்வி: என் பழைய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் காரில் பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள் இரண்டுமே அளவுக்கு மேல் காட்டுகின்றன. மிதவை கெட்டுவிட்டதா?

பதில்: மிதவையைத் தொடவே வேண்டாம். இரண்டு முள்ளும் ஒரே நேரத்தில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் கொடுப்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர், சராசரியாக 10 வோல்ட். அதன் உலோகக் கூட்டுக்கு எர்த் கிடைக்காவிட்டால் பேட்டரியின் வோல்டேஜ் முழுவதும் முள்ளுக்குப் போய்விடும், இரண்டும் உயரக் காட்டும். திருகைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். முள் மெதுவாக ஏறுகிறதே என்று பயப்பட வேண்டாம். உள்ளே சூடாகி வளையும் தகடுதான் அதை நகர்த்துகிறது, அதற்கு நேரம் பிடிக்கும்.