வாசகர் கேள்வி: புற்றுநோய் இனத்தோடு வருகிறதா?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தங்கை, "கறுப்பினப் பெண்களை மார்பகப் புற்றுநோய் கூடுதலாகப் பலியெடுக்கிறது, அது அவர்களுடைய ரத்தத்திலேயே இருக்கிறது, எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்" என்கிறாள். அப்படியென்றால் தமிழருக்கென்றும் ஒரு புற்றுநோய் இருக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கை சொன்னதில் முதற்பாதி சரி. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் இறப்பு விகிதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதங்களை ஏற்பிகள் என்பார்கள். ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டரோன், ஹெர்2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' கட்டி அவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. ஹோர்மோனைத் தடுக்கும் மாத்திரை அதில் பலிக்காது. ஆனால் மாத்திரை பலிக்கும் வகையிலும் அவர்களே கூடுதலாக இறக்கிறார்கள். கட்டியின் வகை மட்டுமே காரணம் என்றால் அப்படி நடக்காது. காப்புறுதி இல்லாமை, நோயைப் பிந்திக் கண்டுபிடித்தல், சிகிச்சைத் தாமதம் ஆகியவற்றையே நாங்கள் பெரிய காரணமாகக் கருதுகிறோம்.

இனிப் பிற்பாதி. எபிஜெனெடிக்ஸ் என்பது மரபணு வேலை செய்வதா அடங்குவதா என்பதை மாற்றும் ஏற்பாடு; அதில் டிஎன்ஏயின் எழுத்து மாறுவதில்லை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் மீதைல் என்ற சிறு இரசாயனக் கூறு அடர்ந்து படிந்தால் அந்த மரபணு வேலை செய்யாமல் அடங்கிவிடும். கட்டியைத் தடுக்கும் மரபணு அடங்கினால் ஆபத்து. மீதைல் எங்கே படியும் என்பதைப் பூர்வீகமும் ஓரளவு தீர்மானிக்கும். ஆனால் புகை, நாட்பட்ட அழற்சி, வயது ஆகியவையும் அதை மாற்றும். சிகரெட் குடிப்பவரின் ரத்தத்தில் ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் மீதைல் குறைகிறது; சிகரெட்டை விட்டபின் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்புகிறது. எனவே இனங்களுக்கிடையே மீதைல் வேறுபாடு கண்டதாக எங்கேனும் வாசித்தால், புகைப்பழக்கம், உடற்பருமன், வருமானம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தார்களா என்று பாருங்கள்.

தமிழருக்கென்று தனிப் புற்றுநோய் கிடையாது. இலங்கை ஆண்களிடையே முன்னணியில் நிற்பது வாய்ப் புற்றுநோய். அதை இனத்தில் தேட வேண்டாம், வெற்றிலைத் தட்டில் தேடுங்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே அறிவித்துவிட்டது. "நான் புகையிலை வைப்பதில்லை" என்று ஆறுதல் கொள்வது வீண்.

வெற்றிலை போடுபவர்கள் மாதம் ஒரு தடவை வாயைப் பாருங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டின் உட்புறம், கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடி எல்லாவற்றையும் பாருங்கள். பாக்கை அடக்கி வைக்கும் பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வழித்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போங்கள். நோவில்லையே என்று பேசாமல் இருந்துவிடுவதால்தான் பலர் பிந்தி வருகிறார்கள். தொடக்கத்தில் வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் நோகாது. உறைப்புப் பட்டால் எரிவதும், மூன்று விரலை நிறுத்தி நுழைக்க முடியாதபடி வாய் இறுகுவதும் பாக்கினால் வரும் தழும்பு நோயாக இருக்கலாம். அது தெரிந்த அன்றே பாக்கை நிறுத்த வேண்டும்.

தங்கைக்கும் ஒன்று சொல்லுங்கள்: யாருக்காவது மார்பகக் கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் பயொப்ஸி செய்து புற்றுநோய் என்று தெரிந்தால், அறிக்கையில் அந்த மூன்று ஏற்பிகளின் முடிவும் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். மூன்றும் நெகட்டிவ் என்றால், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைப் பரம்பரையாகக் கடத்தக்கூடிய பிஆர்சிஏ மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று பார்க்கும் பரிசோதனை தேவையா என்று வைத்தியரிடம் விசாரியுங்கள். அந்த முடிவு சகோதரிகளுக்கும் மகள்மாருக்கும் உதவும்.